சோம்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

சமையலைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து சோம்பு குறித்து வரும் கேள்விகள் ஓய்ந்ததே இல்லை. ஒரு பக்கம் அதைச் சர்வரோக நிவாரணியாக நினைப்பவர்கள். இன்னொரு பக்கம் அந்த வாசனை பட்டாலே தட்டை நகர்த்தி வைப்பவர்கள். இரு தரப்புக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. உடல்நலம் தொடர்பான பதில்கள், வெளியான ஆய்வுகளையும் ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு சொல்லியிருப்பதையும் வைத்து எழுதியவை.

சோம்பும் பெருஞ்சீரகமும் ஒண்ணுதானா? பேரைப் பார்த்தா சீரகத்தோட பெரிய சைஸ் மாதிரி இருக்கே?

இரண்டும் ஒன்றேதான். ஆனால் சீரகம் வேறு செடி. சோம்பின் தாவரவியல் பெயர் ஃபோனிகுலம் வல்கேர். மத்தியதரைக்கடல் பகுதிதான் இதன் பூர்வீகம். சீரகம், கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை, கேரட், செலரி எல்லாமே இதற்குப் பங்காளிகள், அதாவது ஒரே தாவரக் குடும்பம். குடை விரித்த மாதிரி பூக்கும் குடும்பம் அது.

சீரகத்தின் மணம் மண்வாசனை கலந்த காரமான மணம். சோம்பின் மணம் இனிப்பு. அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் உணவு கெட்டுப்போகாது, ஆனால் அது வேறு உணவாகிவிடும்.

‘அனீஸ்’னு ஒரு பாக்கெட், ‘ஸ்டார் அனீஸ்’னு இன்னொரு பாக்கெட். எல்லாமே சோம்புதானா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. அனீஸ் என்பது பிம்பினெல்லா அனிசம் என்ற செடி. சோம்புக்கு உறவுதான், விதை இன்னும் சிறியது, குண்டாக இருக்கும். ஸ்டார் அனீஸ் என்பது நாம் அன்னாசிப்பூ என்று சொல்வது. அது மரத்தில் காய்ப்பது, சோம்புக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மூன்றிலும் அனெத்தோல் என்ற ஒரே வாசனைப் பொருள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அன்னாசிப்பூ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அதைப் போலவே தோற்றமளிக்கும் ஜப்பானிய வகை ஒன்று உண்டு. அது நச்சு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். காய்ந்த பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அன்னாசிப்பூவில் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். சோம்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

விதைதானே அது? எங்கேயோ ‘பழம்’னு படிச்சேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நாம் விதை என்று சொல்வது முழுதாய் ஒரு காய்ந்த பழம். ஒரு சோம்பை நகத்தால் நெடுக்குவாட்டில் பிளந்தால் இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியின் முதுகிலும் ஐந்து வரம்புகள் ஓடும். அந்த வரம்புகளுக்கு நடுவில், தோலுக்கு அடியில், மெல்லிய எண்ணெய்க் குழாய்கள் இருக்கின்றன: வெளிப்பக்கம் நான்கு, தட்டையான உள்பக்கம் இரண்டு. சோம்பின் மணம் முழுக்க அந்தக் குழாய்களில்தான் அடைபட்டிருக்கிறது.

இது வெறும் தாவரவியல் செய்தி இல்லை. சமையலிலும் கஷாயத்திலும் “லேசாகத் தட்டிப் போடுங்கள்” என்று சொல்வதற்குக் காரணமே இதுதான். குழாய் உடையாவிட்டால் மணம் வெளியே வராது.

ஒரு சோம்பு இனிக்குது, இன்னொண்ணு கசக்குது. ஏமாத்தறாங்களா?

ஏமாற்று வேலை இல்லை. இனிப்புச் சோம்பு, கசப்புச் சோம்பு என்று இரண்டு வகை உண்டு. இனிப்புக்குக் காரணம் அனெத்தோல். சர்க்கரையைவிடச் சுமார் 13 மடங்கு இனிப்பானது. கசப்புக்கும் கற்பூரம் போன்ற நெடிக்கும் காரணம் ஃபெங்கோன். ஐரோப்பிய மருந்துத் தரநூலின் கணக்குப்படி, இனிப்புச் சோம்பு எண்ணெயில் அனெத்தோல் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், ஃபெங்கோன் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கசப்புச் சோம்பில் அனெத்தோல் 60 சதவீதம் இருந்தால் போதும், ஃபெங்கோன் குறைந்தது 15 சதவீதம்.

இனிப்பு வகையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 மில்லி எண்ணெய், கசப்பு வகையில் 40 மில்லி என்பதும் அதே நூலின் கணக்கு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எண்ணெய் பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

நல்ல பச்சையா இருந்தாத்தான் நல்ல சோம்பா? சாயம் போட்டிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

இளசாகப் பறித்து நிழலில் காயவைத்தது பச்சையாக இருக்கும். மென்று சாப்பிட அதுதான் சுகம். முற்றவிட்டுப் பறித்தது மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். வறுத்து அரைக்க அது எந்த விதத்திலும் மட்டமில்லை. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள். உடனே மூக்கில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பழசு.

எல்லா மணியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பளிச்சென்று பச்சையாக இருந்தால் சந்தேகப்படலாம். ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்துத் தேயுங்கள், கொஞ்சம் குளிர்ந்த நீரிலும் போட்டுப் பாருங்கள். பச்சை நிறம் உடனே இறங்கினால் சாயம். கொதிநீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெந்நீரில் நல்ல சோம்பும் நிறம் விடும்.

எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?

முழுசாக, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வைத்தால் ஒரு வருடம் தாராளமாக இருக்கும். பொடித்தது சில வாரங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும். அப்போதைக்கப்போது பொடித்துக்கொள்வதே நல்லது.

தாளிக்கறப்போ எப்பப் போடணும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் கருகிடுது.

எண்ணெய் புகையும்போது போடுகிறீர்கள், அதனால்தான். கடுகு வெடிக்கத் தேவைப்படும் சூடு சோம்புக்கு ஆகாது. கடுகு போடும் தாளிப்பானால் அது வெடித்து அடங்கட்டும், தீயைக் குறையுங்கள், பிறகு சோம்பு. எண்ணெயில் விழுந்ததும் சுற்றிக் குமிழி கட்டும், லேசாக உப்பும், நிறம் ஒரு படி ஏறும். அந்த நொடியில் வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள். வெங்காயத்தின் ஈரம் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். வெங்காயம் நறுக்கி முடிக்காமல் அடுப்பைப் பற்றவைப்பவர்களுக்குத்தான் சோம்பு கருகுகிறது.

அனெத்தோல் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தாளிப்பில் போட்ட அரை ஸ்பூன் பானை முழுக்க மணப்பதும், கொதிக்கிற குழம்பில் நேராகப் போட்டது பல்லில் கடிபடும்போது மட்டும் மணப்பதும் அதனால்தான்.

முழுசா போடறது, வறுத்துப் பொடிக்கறது, பச்சையா அரைக்கறது: எது சரி?

எல்லாம் சரிதான், விளைவுதான் வேறு. முழுசாகத் தாளித்தால் மணம் பின்னணியில் இருக்கும். பச்சையாக அரைத்தால் இனிப்பு மணம் தூக்கலாக, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். வறுத்துப் பொடித்தால் இனிப்பு அடங்கி, கொட்டை வறுத்த மணம் சேரும். மிதமான தீயில் வெறும் வாணலியில் வறுக்கும்போது, மணம் எழுந்த உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் அதன் சூட்டில் வறுபட்டுக்கொண்டே போய்க் கசந்துவிடும்.

அளவு என்று கேட்டால், நான்கு பேருக்கான குழம்புக்கு ஒரு டீஸ்பூன் முழுச் சோம்பு, அல்லது அரை டீஸ்பூன் பொடி. பச்சையாக அரைப்பதானால் அதிலும் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள்.

எதெதுக்கெல்லாம் சேரும்? எனக்குத் தெரிஞ்சது கறிமசாலா மட்டும்தான்.

கொழுப்பு, புளிப்பு, மாவுச்சத்து ஆகிய மூன்றோடும் சோம்பு ஒத்துப்போகும். கொழுப்புள்ள இறைச்சியில் அதன் இனிப்பு கனத்தைக் குறைத்துக் காட்டும். இத்தாலியர்கள் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியில் சோம்பு போடுவது இதற்காகத்தான். மீனோடு, அதுவும் எலுமிச்சை பிழிந்த மீனோடு, நன்றாகச் சேரும். தக்காளி நிறைய போட்ட எதற்கும் பொருந்தும். வேகவைத்த உருளைக்கிழங்கை எண்ணெயில் புரட்டும்போது தட்டிய சோம்பு போட்டுப் பாருங்கள், வேறு மசாலாவே வேண்டாம். ரொட்டி மாவில், ஊறுகாயில், ஆரஞ்சுச் சுளைகளோடு, பாலில் கொதிக்கவைத்து இனிப்புகளில் என்று எல்லா இடத்திலும் அதற்கு வேலை உண்டு.

சீனர்களின் ஐந்து மசாலாப் பொடியிலும் வங்காளத்தின் பாஞ்ச் ஃபோரனிலும் சோம்பு இருக்கிறது. இரண்டுக்கும் பெயரில் ஐந்து. இரண்டிலும் பொதுவான ஒரே சரக்கு அநேகமாக இதுதான்.

சோம்பு அதிகமாப் போச்சு, பல்பொடி மாதிரி மணக்குது. காப்பாத்த முடியுமா?

முழுசாக எடுக்க முடியாது, அடக்கலாம். புளிப்பும் காரமும் கூட்டுங்கள். தேங்காய்ப்பாலோ தயிரோ ஊற்றி அளவைப் பெருக்குங்கள். மூடியைத் திறந்துவைத்து இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் ஆவியோடு கொஞ்சம் மணம் போகும். சர்க்கரை மட்டும் சேர்க்காதீர்கள், அது சோம்பின் இனிப்பை இன்னும் தூக்கிக் காட்டும்.

வீட்டுல சோம்பு இல்லைன்னா என்ன போடலாம்?

அனீஸ் இருந்தால் பாதி அளவு. அன்னாசிப்பூ என்றால் ஒரு பூவின் இரண்டு இதழ் போதும், எடுத்துப் போட்டுவிடலாம். சீரகத்தைப் பற்றி முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். உண்மையில் எதுவும் போடாமல் விட்டாலும் பெரும்பாலான சமையல் நன்றாகவே இருக்கும்.

வெங்காயம் மாதிரி வெள்ளையா, மேல பச்சை இலையோட ஒரு காய் விக்குது. அதுவும் சோம்புன்னு சொல்றாங்க. என்ன பண்றது அதை?

அது காய்க்காகவே வளர்க்கப்படும் சோம்பு வகை. அந்த வெள்ளைக் குமிழ் கிழங்கும் இல்லை, வெங்காயமும் இல்லை. இலைக்காம்புகளின் அடிப்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து உருண்டது. நூறு கிராமில் 90 கிராம் தண்ணீர், 31 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் வைட்டமின் சி, 414 மில்லிகிராம் பொட்டாசியம். விதையைவிட மணம் மிகவும் மென்மையானது.

பச்சையாகச் சாப்பிட, முடிந்தவரை மெல்லிசாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் நல்ல எண்ணெயும் விட்டுப் பிசிறுங்கள். சோம்பு வாசனை பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: கனமான துண்டுகளாக வெட்டி எண்ணெய் தடவி, 200 டிகிரி அவனில் ஓரங்கள் பழுப்பேறும்வரை சுடுங்கள். முக்கால்வாசி மணம் போய், வதக்கிய வெங்காயத்தின் இனிப்புதான் மிஞ்சும். தண்டு நாராக இருக்கும், சூப்புக்கு ஆகும். மேலே இருக்கும் முடி போன்ற இலையைக் கொத்தமல்லித்தழை மாதிரி கடைசியில் தூவலாம்.

சாப்பிட்டதும் சோம்பு மெல்றது உண்மையிலேயே செரிக்க உதவுமா, இல்ல வெறும் பழக்கமா?

கொஞ்சம் உதவும் என்பதற்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. சோம்பு எண்ணெய் குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. வயிறு உப்புசம், வாயு, லேசான பிடிப்பு ஆகியவற்றுக்குச் சோம்பை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்த வகையில் என்பதைக் கவனியுங்கள்: “நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில்” என்றுதான் அனுமதி, பெரிய மருத்துவச் சோதனைகளில் நிரூபணமானது என்று இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், எரிச்சல் குடல் நோய் உள்ள 121 பேருக்கு 30 நாள் மஞ்சளின் குர்குமினும் சோம்பு எண்ணெயும் சேர்த்துக் கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து கொடுத்ததால் சோம்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாய் நாற்றத்துக்கும் இதே பதில்தான். மெல்லும்போது எச்சில் ஊறும், மணம் வாயை நிரப்பும், கொஞ்ச நேரம் நாற்றம் தெரியாது. ஈறில் சீழ் இருந்தால் சோம்பு அதை மூடி மறைக்கத்தான் செய்யும். வண்ண வண்ணமாக மிட்டாய் பூசிய சோம்பைக் கைநிறைய அள்ளிப் போடுபவர்கள், அதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதை மறக்க வேண்டாம்.

சோம்புத் தண்ணி எப்படிப் போடணும்? ராத்திரி ஊறவெச்சாத்தான் பலன்னு சொல்றாங்களே?

ஐரோப்பிய முகமை பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: அப்போதே இடித்த சோம்பு 1.5 முதல் 2.5 கிராம், கால் லிட்டர் கொதிநீர், 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதாவது வேளைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். அதற்குள் சரியாகாத வயிற்றுத் தொந்தரவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூடி வைப்பது முக்கியம். 15 நிமிடம் கழித்து மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கோத்திருக்கும் நீர்த்துளிகளை முகர்ந்தால் சோம்பு மணக்கும். மூடாவிட்டால் அது முழுக்க அறையில் போயிருக்கும். அந்தத் துளிகளைக் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். பொங்கப் பொங்கக் கொதிக்கவைக்கவும் கூடாது. மணம் போய்க் கசப்புதான் ஏறும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் மென்மையான பானம் கிடைக்கும், பிடித்திருந்தால் குடியுங்கள். அனெத்தோல் நீரில் சரியாகக் கரையாது என்று தாளிப்புக் கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால், வெந்நீரைவிடக் குளிர்நீரில் அதிகச் சத்து இறங்கும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

கால்சியம், இரும்பு எல்லாம் கொட்டிக் கிடக்குதாமே?

நூறு கிராம் கணக்கில் பார்த்தால் ஆமாம்: கால்சியம் சுமார் 1,200 மில்லிகிராம், இரும்பு 18.5 மில்லிகிராம், நார்ச்சத்து 40 கிராம். ஆனால் யார் நூறு கிராம் சோம்பு தின்கிறார்கள்? ஒரு டீஸ்பூன் என்பது 2 கிராம். அதில் கால்சியம் 24 மில்லிகிராம், இரும்பு 0.4 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவையான கால்சியம் சுமார் 1,000 மில்லிகிராம். மசாலாப் பொருள்களைப் பற்றிய பெரும்பாலான ‘சத்துக் களஞ்சியம்’ கட்டுரைகள் இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போடாமல் எழுதப்பட்டவை.

ஒரு மாசம் சோம்புத் தண்ணி குடிச்சா எடை குறையுமா?

குறையாது. கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. 2015-இல் கொரியாவில், எடை கூடிய ஒன்பது பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வில், சோம்பு டீ குடித்த பிறகு பசி குறைவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். ஒன்பதே பேர், அதுவும் எடையைப் பார்க்காமல் பசியை மட்டும் கேட்டது. சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாகச் சோம்பு டீ குடித்து ஒருவர் இளைத்தால், இளைத்ததற்குக் காரணம் குடிக்காமல் விட்ட சர்க்கரை.

தினம் பாதாம், கல்கண்டு, சோம்பு பொடிச்சுச் சாப்பிட்டா கண்ணாடி போயிடும்னு சொல்றாங்க. என் பொண்ணுக்குக் குடுக்கட்டுமா?

ருசிக்காகக் கொடுங்கள், கண்ணாடிக்காக வேண்டாம். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழியின் நீளம் தொடர்பானது. சாப்பிடும் எதுவும் அந்த நீளத்தைக் குறைக்காது. இந்தப் பேச்சோடு அடிக்கடி இழுக்கப்படும் ஆய்வு 2008-இல் முயல்களின் கண்ணில் சோம்புச் சாறு விட்டு நடந்தது. அதில் குறைந்தது கண்ணின் அழுத்தம். பார்வைக் குறைபாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தயவுசெய்து சோம்புத் தண்ணீரைக் கண்ணில் விடாதீர்கள். சமையலறையில் போட்ட கஷாயம் கிருமி நீக்கப்பட்டது அல்ல.

மாதவிடாய் வலிக்குக் கேக்குமா? மெனோபாஸ் தொந்தரவுக்கு?

வலி விஷயத்தில் சோம்புக்கு ஓரளவு நல்ல பெயர். பல சிறிய சோதனைகளில், எதுவும் எடுக்காதவர்களைவிடச் சோம்பு எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. சிலவற்றில் வழக்கமான வலிமாத்திரைக்குச் சமமாகவே பலன் கொடுத்தது. ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றிலும் அளவும் வடிவமும் வேறு. வலி தொடங்கும் நாளில் மேலே சொன்ன அளவில் டீ குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. மாதாமாதம் வேலைக்குப் போகமுடியாத அளவுக்கு வலி என்றால் அது கஷாயத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை.

மெனோபாஸுக்கு, ஈரானில் 90 பெண்களிடம் எட்டு வாரம் சோம்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. உடல் கொதிப்பு போன்ற தொந்தரவுகள் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் ஒரு ஆய்வை வைத்துச் சட்டம் போட முடியாது. மார்பகப் புற்றுநோய் போல ஹார்மோன் சார்ந்த நோய் இருந்தவர்கள் சோம்பு மாத்திரை, சாறு எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சோம்புக்கு லேசான ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டு.

அப்போ ஆம்பளைங்க சாப்பிட்டா ஹார்மோன் மாறிடுமா?

சமையல் அளவில் மாறாது. அந்த ஈஸ்ட்ரோஜன் தன்மை மிகவும் பலவீனமானது, பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் பார்த்தது.

ரெண்டு மாசக் குழந்தை சாயங்காலமானா வீறிட்டு அழுவுது. மாமியார் சோம்புத் தண்ணி குடுக்கச் சொல்றாங்க. குடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். உங்கள் மாமியார் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் வெளியான ஆய்வில், 2 முதல் 12 வாரக் குழந்தைகளுக்குச் சோம்பு எண்ணெய் மிகக் குறைவாகக் கலந்த பால்மம் கொடுத்ததில் 65 சதவீதக் குழந்தைகளின் வயிற்றுவலி அழுகை அடங்கியது. வெறும் பால்மம் கொடுத்த குழுவில் 23.7 சதவீதம். ஆனால் அது அளந்து தயாரித்த மருந்து. வீட்டில் காய்ச்சும் தண்ணீரில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. வயிறு தண்ணீரால் நிரம்பினால் குழந்தை பால் குடிப்பது குறையும்.

நான்கு வயதுக்குக் கீழே சோம்பு டீயைப் பரிந்துரைக்கவில்லை என்கிறது ஐரோப்பிய முகமை. துருக்கியிலிருந்து 2008-இல் வந்த மருத்துவ அறிக்கை ஒன்று, நீண்ட நாள் சோம்பு டீ குடித்த சிறுமிகளுக்கு வயதுக்கு முன்பே மார்பக வளர்ச்சி தொடங்கியதைப் பதிவுசெய்தது. மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், “டாக்டர் ஆறு மாசம் எதுவும் வேண்டாம்னுட்டார், அத்தை” என்றால் போதும். அழுகையோடு காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்க மறுப்பது இருந்தால் உடனே மருத்துவமனை.

பால் சுரக்க நான் குடிக்கலாமா? கர்ப்பமா இருக்கறப்போ?

பால் சுரப்பைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சாப்பாட்டில் இருக்கும் சோம்பு பிரச்சினை இல்லை, எப்போதாவது ஒரு கோப்பை டீயும் பெரிய விஷயமில்லை. அளவு மீறியதற்கு உதாரணம் இருக்கிறது: பால் சுரக்க வேண்டும் என்று சோம்பு, அனீஸ், அதிமதுரம் முதலியன கலந்த மூலிகை டீயைத் தினம் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த தாய்மார்களின் குழந்தைகள் இருவர் துவண்டுபோய், பால் உறிஞ்சவே சோர்ந்தார்கள். தாய்மார்கள் டீயை நிறுத்தியதும் தேறினார்கள்.

கர்ப்ப காலத்தில் உணவில் தாளித்தது, அரைத்தது எல்லாம் சரி. டீ, மாத்திரை, எண்ணெய் வேண்டாம் என்பதே ஐரோப்பிய முகமையின் நிலை. போதிய பாதுகாப்புத் தகவல் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

சோம்பு எசென்ஷியல் ஆயில் ரெண்டு சொட்டு தண்ணில விட்டுக் குடிச்சா சுலபமில்லையா?

சுலபம்தான், ஆபத்தும்கூட. இனிப்பு, கசப்பு பற்றிய பதிலில் சொன்ன கணக்கை எடுங்கள்: கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி எண்ணெய். அப்படியானால் ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதாவது 5 மில்லி, 125 முதல் 250 கிராம் சோம்புக்குச் சமம். சாப்பாட்டில் சோம்பு போடுவதைப் போல இதை நினைக்கக் கூடாது. எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதப்பதால் வாயையும் உணவுக்குழாயையும் நேராகச் சுடும். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த எண்ணெயின் பக்கமே போக வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சோம்புல புற்றுநோய் உண்டாக்கற பொருள் இருக்குன்னு ஒரு வீடியோ வந்துச்சே, நிஜமா?

பாதி நிஜம். எஸ்ட்ராகோல் என்ற பொருள் சோம்பு எண்ணெயில் சிறிதளவு இருக்கிறது. துளசி வகைகளிலும் இருக்கிறது. எலிகளுக்கு அதைத் தனியாகப் பிரித்து அதிக அளவில் கொடுத்தபோது ஈரலில் கட்டிகள் வந்தன. 2001-இல் ஐரோப்பிய ஆணையத்தின் உணவு அறிவியல் குழு, இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வரையறுக்க முடியாது, முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள் என்றது. டீக்கு இரண்டு வார வரம்பு, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேண்டாம் என்பதெல்லாம் இதையும் மனதில் வைத்துத்தான்.

முழுச் சோம்பைத் தாளித்துச் சாப்பிடுபவருக்குக் கிடைக்கும் எஸ்ட்ராகோல் மிகச் சொற்பம். என் சொந்த நிலை: சமையலில் தயக்கமில்லாமல் போடுகிறேன், டீ வயிறு சரியில்லாத நாளில் மட்டும், எண்ணெய் எப்போதும் இல்லை.

நான் மாத்திரை சாப்பிடறேன். சோம்பு இடிக்குமா?

தெளிவாகத் தெரிந்த ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். 1999-இல் எலிகளிடம் பார்த்தபோது, சோம்போடு கொடுத்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் உச்ச அளவு 83 சதவீதம் சரிந்தது. சோம்பிலுள்ள தாதுக்கள் மருந்தைப் பிடித்துக்கொள்வதாகக் கருதப்படுகிறது. மனிதர்களில் இவ்வளவு சரியுமோ இல்லையோ, அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் சோம்பு டீக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். டமாக்சிஃபென், கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மருந்து எடுப்பவர்கள் சோம்புச் சாறோ மாத்திரையோ தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செலரி, கேரட், கொத்தமல்லி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோம்பும் ஒவ்வாமை தரலாம். முதல் கேள்வியில் சொன்ன பங்காளி உறவுதான் காரணம். வாய் அரித்தால், உதடு வீங்கினால் நிறுத்திவிடுங்கள். மூச்சு இழுத்தால் உடனே சிகிச்சை தேவை.

சமையலுக்கு வாங்கின சோம்பை மண்ணுல போட்டா முளைக்குமா?

பழசாகவோ வறுத்ததாகவோ இல்லாவிட்டால் முளைக்கும், ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆணிவேர் நீளமாக இறங்குவதால் பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில் நேரடியாகவே விதையுங்கள். இலையும் விதையும் கிடைக்கும், வெள்ளைக் குமிழ் கிடைக்காது. அதற்கு அந்த வகை விதையையே வாங்க வேண்டும், வெயில் ஏறினால் அது குமிழ் கட்டாமல் பூத்துவிடும்.

வெளியூர் போனப்போ வழியோரமா சோம்புச் செடி மாதிரியே பார்த்தேன். பறிச்சுச் சமைக்கலாமா?

சோம்பு பல நாடுகளில் களையாகவே பரவிக் கிடக்கிறது. கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஹெம்லாக் என்ற கொடிய நச்சுச் செடியும் இதே குடும்பம், அதே குடைப் பூ. சோம்பின் பூ மஞ்சள், ஹெம்லாக்கின் பூ வெள்ளை. சோம்பின் இலை நூல்நூலாக இருக்கும், கசக்கினால் சோம்பு மணக்கும். ஹெம்லாக்கின் இலை சீப்புப் பல் போல வெட்டுண்டு தட்டையாக இருக்கும், தண்டில் ஊதா நிறத் திட்டுகள் தெரியும், நாற்றம் அடிக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் சோம்பைத் தொட்ட கையின் மணமே அடுத்த செடியிலும் வருவதாகத் தோன்றும். பூ இல்லாத இளஞ்செடியைப் பறிக்கவே வேண்டாம். செடிகளை நன்கு அறிந்த ஒருவர் கூட இல்லாவிட்டால் பூத்ததையும் பறிக்க வேண்டாம்.